கருப்பட்டி இஞ்சி பீர்: நம் கடற்கரை வெக்கையில் வீட்டிலேயே செய்வது எப்படி

வீட்டில் பீர் காய்ச்ச முடியுமா, அதற்குக் கசப்பைக் கொடுக்கும் ஹாப்ஸ் கொடியை இங்கேயே வளர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சக் கூடாது, 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். ஹாப்ஸ் விஷயத்தில் சட்டம் குறுக்கே வரவில்லை, வெயில்தான் வருகிறது. அது குளிர்தேசத்துக் கொடி. குளிர்காலத்தில் அதன் வேர் உறங்க வேண்டும், கோடையில் பகல் நன்றாக நீள வேண்டும், அப்போதுதான் பூக்கும். அதனால் பூமத்திய ரேகையிலிருந்து 35 பாகை முதல் 55 பாகை வரை தள்ளி உள்ள நாடுகளில்தான் பெரும்பாலும் பயிராகிறது. இந்தியாவில் இமாச்சலத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் விளைகிறது, அங்கே பனி விழும். ராமநாதபுரம் கடற்கரையில் நாம் இருப்பது ஏறக்குறைய 9 பாகையில். ஆனி மாதத்திலேயே நமக்குப் பகல் பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் கூடுதல், மார்கழியிலும் மின்விசிறி ஓடும் ஊரில் எந்த வேர் உறங்கும்?

சரி, அதை விட்டுவிடுவோம். நம் மண்ணில் பனை நிற்கிறது, சாக்கில் இஞ்சி வரும். இந்த இரண்டையும் வைத்து நுரை பொங்கும் இஞ்சி பீர் செய்யலாம். பீர் என்று பெயர் இருந்தாலும் இதில் பார்லியும் கிடையாது, ஹாப்ஸும் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வீடுகளில் செய்து குடித்த பானம். அதை நுரைக்க வைக்கும் உறையில் என்ன இருக்கிறது என்று 1892இல் ஆராய்ந்து எழுதியவர் ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர். புளிக்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்டும் ஒரு பாக்டீரியாவும் ஒன்றையொன்று அண்டிச் சேர்ந்து வாழ்வதைக் கண்டு சொன்னார். அதற்குப் பத்து வருடம் முன்னால் அவர் இலங்கையில் காப்பிச் செடியைத் தாக்கிய துரு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார், அதாவது நம் கடலுக்கு அந்தப் பக்கம், நம் ஊர் ஆட்கள் கப்பலேறிப் போய் உழைத்த அதே தோட்டங்களில். இதைப் படித்த நாளிலிருந்து இஞ்சி பீர் எனக்கு அந்நியமான பானமாகத் தோன்றுவதில்லை.

முதலில் இஞ்சி. கடை இஞ்சியிலும் செய்யலாம், ஆனால் நம் கையால் வளர்த்த இஞ்சியின் தோலில் இருக்கும் ஈஸ்ட் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது, பளபளப்பாகக் கழுவி வைத்த கடை இஞ்சியில் பல நேரம் ஒன்றுமே பொங்காது. நான் இருப்பது ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவே. தரையில் நட்டால் உவர் மண் இஞ்சியைச் சாகடித்துவிடும், அதனால் பழைய அரிசிச் சாக்குதான். சாக்கின் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் சம அளவில் கலந்து முக்கால் பாகம் நிரப்புங்கள். சித்திரையில் நடுவது நல்லது. 20, 25 கிராம் எடையுள்ள துண்டாக, இரண்டு முளைக்கண் தெரிகிற மாதிரி ஒடித்து, வெட்டுவாய் காயும் வரை ஒருநாள் நிழலில் வைத்துவிட்டு, இரண்டு விரற்கடை ஆழத்தில் கண் மேலே பார்த்திருக்கும்படி பதியுங்கள். முளை வர மூன்று வாரம்கூட ஆகும், அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் நம் ஊரில் பலர் தோற்கிறார்கள். வைகாசியிலிருந்து அடிக்கும் கச்சான் என்ற மேல்காற்று இலையைக் கிழித்துக் காயவைத்துவிடும், அதனால் வீட்டுச் சுவரின் கிழக்குப் பக்கம், வேம்பு அல்லது முருங்கை நிழலில் வையுங்கள். மேலே காய்ந்த இலையோ தென்னந்தும்போ கனமாகப் பரப்பிவிட்டால் மண் சூடேறாது. கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் ஊற்றவே கூடாது, குழாயில் வரும் நல்ல தண்ணீரில் அரிசி கழுவியது, காய் கழுவியது எல்லாம் அதற்குப் போகட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தண்ணீர் தேங்கி இரண்டு நாள் நின்றால் கிழங்கு அழுகும், அப்புறம் காப்பாற்ற வழியில்லை. எட்டு மாதத்தில் இலை மஞ்சளாகிச் சாயும், அப்போது சாக்கைக் கவிழ்த்துக் கிழங்கை எடுக்கலாம்.

அடுத்து கருப்பட்டி. மாசி பங்குனியில் தொடங்கும் பதநீர்க் காலத்தில், காய்ச்சுகிறவர்களிடமே நேரில் போய் வாங்குங்கள், சாயல்குடிப் பக்கம் அது கஷ்டமில்லை. விலை கூடத்தான் இருக்கும், காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவுகிற உழைப்புக்கு அது அதிகமில்லை, சீனி கலந்த மலிவுக் கருப்பட்டியில் இந்த மணமும் வராது. ஒரு விஷயம் கவனியுங்கள். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள், அதில் கொஞ்சம் கருப்பட்டியிலும் தங்கிவிடும். கரைத்து வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அதை வடிகட்டாமல் விட்டால் பானத்தின் புளிப்பு குறையும், புளிப்பு குறைந்தால் கெட்ட கிருமி ஏறும். அதனால்தான் இந்தச் செய்முறையில் எலுமிச்சையை ருசிக்காக மட்டும் சேர்ப்பதில்லை, விட்டுவிடவும் கூடாது.

இனி உறை. பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான், முதல் உறையை நாமே உண்டாக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுக்க ஆறவிடுங்கள், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஈஸ்டைக் கொல்லும், கொதித்து ஆறினால் அது பெரும்பாலும் போய்விடும். அகல வாய்க் கண்ணாடிப் பாட்டிலில் அந்தத் தண்ணீரை ஊற்றி, தோலோடு பொடியாக நறுக்கிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கலக்கி, வாயை மெல்லிய பருத்தித் துணியால் மூடி ரப்பர் பட்டை போடுங்கள். துணி இல்லாமல் வைத்தால் கொசு மாதிரிச் சின்ன ஈ விழும். இஞ்சியை மண் போகும் அளவுக்கு அலசினால் போதும், தேய்த்துக் கழுவக் கூடாது. தினமும் ஒருமுறை அதே அளவு இஞ்சியும் சீனியும் போட்டுக் கலக்குங்கள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பாட்டிலில் காதை வைத்துப் பாருங்கள். சோடா திறந்ததும் கேட்குமே, அந்தச் சன்னமான ‘உஸ்’ சத்தம் விடாமல் கேட்கும். இஞ்சித் துண்டுகள் மேலே மிதந்து நிற்கும், கரண்டியை விட்டால் நுரை ஏறி வரும், முகர்ந்தால் இஞ்சியோடு கொஞ்சம் பதநீர் திரும்பின வாடை இருக்கும். அதுதான் பதம். மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் எடுத்துப் போட்டுவிடலாம். பச்சையோ கறுப்போ, பஞ்சு மாதிரிப் பூசணம் வந்தால் இரக்கமே பார்க்காமல் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

உறை தயாரான அன்றே பானத்தைக் காய்ச்சலாம். இரண்டு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கருப்பட்டி, 100 கிராம் இஞ்சி. இஞ்சியை அம்மியில் நசுக்கிப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள், கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைந்ததும் இறக்கிவிடுங்கள். நாங்கள் கூடவே ஒரே ஒரு முண்டு மிளகாயைக் கிள்ளாமல் முழுசாகப் போடுவோம். பீரில் ஹாப்ஸ் கொடுக்கும் கசப்புக்குப் பதிலாகத் தொண்டையில் ஒரு காரம் நிற்கும், ராமநாதபுரம் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்களுக்குத் தனிப் பெருமை உண்டு. முழுக்க ஆறட்டும். கை வைத்தால் சூடே தெரியக் கூடாது, சூட்டில் உறையை ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும். ஆறியதும் இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி, அடி மண்டியை விட்டுவிட்டு, இரண்டு எலுமிச்சைப் பழச் சாறும், வடிகட்டிய உறை 150 மில்லியும் சேர்த்துக் கலக்குங்கள். மிச்ச உறையில் எடுத்த அளவுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு, இஞ்சியும் சீனியும் போட்டு வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

பாட்டிலில் ஊற்றுவதுதான் இந்த வேலையில் ஆபத்தான இடம். கனமான பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் மட்டும் ஊற்றுங்கள், கண்ணாடி வேண்டாம். நான் முதல் வருடம் அழகாக இருக்கும் என்று மூன்று கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டு, பரமக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் தரையெல்லாம் பிசுபிசுப்பு, எறும்பு வரிசை, கண்ணாடிச் சில்லு அரிசி மூட்டையைக் கிழித்து உள்ளே போயிருக்கிறது. அந்த மூட்டை அரிசியை முழுசாக வெளியே கொட்ட வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் என் அம்மா அடுப்பு முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே நாலு விரற்கடை இடம் விட்டு மூடி இறுக்கி, நிழலான மூலையில் வையுங்கள். குளிர்நாட்டுச் செய்முறைகளில் மூன்று நாள், ஐந்து நாள் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. அறைக்குள் 32, 33 டிகிரி இருக்கும்போது சாயங்காலம் அடைத்தது மறுநாள் சாயங்காலத்துக்குள் தயாராகிவிடும், கத்திரி வெயிலில் விடிவதற்குள்ளேயே ஆகிவிடும், தை மாதத்தில் ஒன்றரை நாள் எடுக்கலாம். அதனால் நாளை எண்ணாதீர்கள், பாட்டிலை அமுக்கிப் பாருங்கள். அடைக்கும்போது கட்டைவிரலால் அமுக்கினால் குழியும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அமுக்குங்கள், கடையில் வாங்கின சோடா பாட்டில் மாதிரிக் கல்லாக இறுகிய அந்த நேரமே குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். குளிரில் ஈஸ்ட் அடங்கிவிடும், சாகாது. அதனால் ஒரு வாரத்துக்குள் குடித்து முடியுங்கள், நடுவில் இரண்டு நாளைக்கு ஒருமுறை மூடியை லேசாகத் திருகிக் காற்றை விடுங்கள். ஊரில் கரண்டு நீண்ட நேரம் போகிற நாளில் இதை மறக்கவே கூடாது.

சீக்கிரம் எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈஸ்ட் இனிப்பைத் தின்று காற்றை மட்டும் உண்டாக்குவதில்லை, சாராயச் சத்தையும் உண்டாக்குகிறது. இறுகியதும் குளிரில் வைத்தால் அது ஒரு சதவீதம் அளவில் நிற்கும், அப்படியே வெளியில் விட்டால் இனிப்பு முழுக்கத் தீரும்வரை ஏறிக்கொண்டே போகும். அதனால் சாராயம் துளிகூட இல்லை என்று சொல்லி இதை யாருக்கும் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். பக்கத்து வீட்டு ராத்தா நோன்பு திறக்க இஞ்சித் தண்ணீர் கேட்பார்கள், அவர்களுக்கு நான் உறையே சேர்ப்பதில்லை. அதே கருப்பட்டியையும் இஞ்சியையும் பாதித் தண்ணீரில் கெட்டியாகக் காய்ச்சி வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து பாகாகக் கொடுத்துவிடுவேன், குடிக்கும் நேரத்தில் சோடா கலந்துகொள்வார்கள். ருசியில் பெரிய குறை இல்லை.

பானம் வடித்த இஞ்சிச் சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள், உப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டு வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால் வாயில் அடக்கிக்கொள்ள நன்றாக இருக்கும். வெளியூர் போவதானால் உறைப் பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போகலாம், வாரம் ஒருமுறை ஒரு கரண்டி சீனி போதும். சாக்கைக் கவிழ்க்கிற அன்று நல்ல கொழுத்த கிழங்காக நாலைந்தைத் தனியே எடுத்து, மண்ணைத் தட்டாமல் காய்ந்த மணலில் புதைத்து நிழலில் வையுங்கள், அடுத்த சித்திரைக்கு விதை வேண்டும்.