இன்டர்ன் சைக்காலஜிஸ்டா? மேற்பார்வையை முதல் வாரமே சரி செய்துகொள்ளுங்கள்

தென்னாப்பிரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக முதுகலைப் படிப்போடு 12 மாத இன்டர்ன்ஷிப், பிறகு ஒரு வருட சமூக சேவை. முதலில் ஹெச்பிசிஎஸ்ஏ (அந்நாட்டின் சுகாதாரத் தொழில்களுக்கான கவுன்சில்) என்ற அமைப்பில் இன்டர்னாகப் பதியுங்கள், பதியாமல் வேலை தொடங்கவே கூடாது. மேற்பார்வையாளர் உங்கள் பிரிவிலேயே பதிவானவரா என்று கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பாருங்கள்.

அப்புறம், மேற்பார்வைச் சந்திப்பு வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு சந்திப்பையும் அன்றைக்கே லாக்புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நீங்கள் இன்டர்ன், மேற்பார்வையில் இருக்கிறீர்கள் என்பதை சிகிச்சைக்கு வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டர்பனில் தமிழர்களும் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிப் பாட்டி ஒருவர், காவடி நேர்த்திக்கடன் பாக்கி, அதனால்தான் தூக்கமில்லை என்றால், தமிழ் தெரியாத மேற்பார்வையாளருக்கு அது என்னவென்று பொறுமையாக விளக்குங்கள், கேட்ட மாத்திரத்தில் நோய் அறிகுறி என்று எழுதிவிட வேண்டாம்.