பரணிலிருந்து இறங்கிய ரயில் எஞ்சின்: பழுதுபார்க்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979இல்தான். மாடல் ரயிலும் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது. வளைகுடாவில் வேலை பார்த்த மாமாக்களும் சித்தப்பாக்களும் டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்த ஹார்ன்பி, லிமா செட்டுகள். பிள்ளைகள் ஆசை தீர ஓட்டினார்கள், அப்புறம் பரணில் ஏற்றிவிட்டார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் அதை இறக்கி, தூசி தட்டி, யூடியூப் பார்த்துப் பிரித்துப் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இத்தனை வருடம் பரணில் தாக்குப்பிடித்த எஞ்சின், கீழே இறங்கிய முதல் வாரத்தில் செத்துப்போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதுவும் நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்து தொலைத்த அதே கோளாறுகளால்.

திருகாணியைத் தொலைக்காதே, கீழே போடாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

தேங்காயெண்ணெய்

சிரிக்காதீர்கள். கதவுக் கீலில் இருந்து தலைமுடிவரை எல்லாவற்றுக்கும் அதையே ஊற்றிப் பழகிய ஊர் நம்முடையது. எஞ்சினில் விட்டால் சில மாதத்தில் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும், பித்தளைப் பாகங்களில் பச்சை பூக்கும். பிளாஸ்டிக்கைப் பாதிக்காத மெல்லிய சிந்தெடிக் எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி, தண்டு சுழலும் இடத்தில் மட்டும். பல்சக்கரத்துக்கு பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கிரீஸ். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் உரசுவது தண்டில் சுழலும் செம்பு வளையத்தில்; கம்யூட்டேட்டர் என்கிற அதில் எந்த எண்ணெயும் படக் கூடாது. பட்டால் கார்பன் தூளோடு குழைந்து, செம்புத் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடுக்கை அடைத்துவிடும். மோட்டார் சூடாகும், மெதுவாக ஓடும். உடனே "மோட்டார் போச்சு" என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஒரு பல்குச்சியும் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் இருந்தால் தீரும் வியாதி அது.

உப்புத்தாள்

சக்கரத்திலும் தண்டவாளத்திலும் தேய்க்காதீர்கள். அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு உட்காரும்.

மோட்டாரைச் சேஸிஸிலிருந்து பிரிக்காமல் டீகோடர் மாட்டுவது

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

பழைய எஞ்சின்கள் பெரும்பாலும் டிசி, அதாவது நேர்மின்சாரத்தில் ஓடுபவை. தண்டவாளத்தில் 12 வோல்ட்வரை ஏற்றி இறக்கினால் வேகம் கூடும், குறையும். பிளஸ் மைனஸை மாற்றினால் எஞ்சின் பின்னால் போகும். டிசிசி என்கிற டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர்தான் தனக்கு வந்த கட்டளையைப் படித்து மோட்டாருக்கு அளந்து கொடுக்கிறது. விரல்நகம் அளவுள்ள சர்க்யூட். விலை ஆயிரங்களில். நாகர்கோவிலில் எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது, வெளியிலிருந்து வரவழைத்துக் காத்திருக்க வேண்டும்.

அதில் சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து வருபவை. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்கான பொதுக் கம்பி. இந்த நிற வரிசையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நிறம் பார்த்து ஒழுங்காகப் பற்றவும் வைக்கிறார்கள். பிறகும் டீகோடர் ஏன் எரிந்துபோகிறது?

பழைய மோட்டாரில் ஒரு பிரஷ் ஏற்கெனவே சேஸிஸை, அதாவது எஞ்சினின் உலோக அடிச்சட்டத்தை, தொட்டுக்கொண்டிருக்கும். அது அந்தக் காலத்துச் சிக்கனம். ஒரு பக்கச் சக்கரத்தின் மின்சாரம் கம்பியே இல்லாமல் உலோகச் சட்டம் வழியாக நேரே பிரஷுக்குப் போய்விடும். டிசியில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. டீகோடர் மாட்டியபின் என்ன ஆகிறது? தண்டவாளத்தின் முழு மின்சாரமும் சேஸிஸ் வழியாகப் பிரஷுக்கு வந்து, ஆரஞ்சு அல்லது சாம்பல் கம்பியில் எதிர்த்திசையில் ஏறி, டீகோடர் மோட்டாருக்குக் கொடுக்கும் வாயிலேயே போய் முட்டுகிறது. அங்குள்ள டிரான்சிஸ்டர் கண் இமைப்பதற்குள் காலி.

தக்கலையிலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படிக்கிறவன், கை சுத்தமானவன்.

"அண்ணாச்சி, கலர் எல்லாம் பார்த்துத்தான் மாட்டினேன். பொகை வருது."

"மீட்டர் வச்சுப் பார்த்தியா மக்கா?"

"எதுக்கு? எஞ்சின் நல்லா ஓடிட்டுத்தானே இருந்துச்சு."

எனக்கு எரிச்சல் வருவது இந்தப் பதிலில்தான். டிசியில் நன்றாக ஓடியது என்றால் டிசியில் நன்றாக ஓடியது, அவ்வளவுதான். பிரஷ் பிரிந்திருக்கிறதா என்பதற்கு அது சாட்சி ஆகாது. இதைச் சொல்லிப் புரியவைத்தேன். சரி சரி என்றான். பிரஷைச் சேஸிஸிலிருந்து பிரித்து, மீட்டர் வைத்துப் பார்த்து, புது டீகோடர் வரவழைத்து மாட்டினான். அதுவும் எரிந்தது. விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரே கோபம்.

எஞ்சினைக் கொண்டுவரச் சொல்லி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பிரஷை அழுத்தும் ஸ்பிரிங்கின் வால் நுனியில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புக் குழி. பாடிக்குள் எடைக்காக வைத்த உலோகக் கட்டியின் விளிம்பில் அதற்கு நேரே இன்னொரு கறுப்புப் பொட்டு. பாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு மீட்டர் பிடித்தபோது இரண்டும் தொடவில்லை. பாடியைப் போட்டு அடித் திருகாணியை இறுக்கியதும் தொட்டிருக்கிறது.

ஆகவே வேலை செய்ய வேண்டிய வரிசை இது. மோட்டாரில் இருக்கும் பழைய கம்பிகளையும், ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்த சின்ன கெபாசிட்டரையும் எடுத்துவிடுங்கள். பிரஷிலிருந்து சேஸிஸுக்குப் போகும் தகட்டுத் துண்டு இருந்தால் வெட்டுங்கள். ஹார்ன்பியின் பழைய எக்ஸ்04 மோட்டார் என்றால், பிரஷ் ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் இன்சுலேஷன் குழாய் இருக்கும், மறு காலுக்கும் ஒன்றைச் செருகுங்கள். இரண்டு பிரஷுக்கும் தனித்தனிக் கம்பி கொடுங்கள். பிறகு மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒவ்வொரு பிரஷிலிருந்தும் இடது சக்கரம், வலது சக்கரம், சேஸிஸ் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டே தொடுங்கள். எங்கேயும் பீப் வரக் கூடாது. இப்போது மோட்டார் கம்பிகளை வெளியே விட்டு, பாடியைப் போட்டு, திருகாணியை முழுக்க இறுக்கி, எல்லாவற்றையும் மறுபடியும் பாருங்கள். சேஸிஸே இரண்டு பாதியாகப் பிளந்து, ஆளுக்கொரு தண்டவாளத்தின் மின்சாரத்தைச் சுமக்கும் வகையும் உண்டு. அதில் இரண்டு பிரஷுமே தொட்டுக்கொண்டிருக்கும், வேலை இரட்டிப்பு.

மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 12 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை ஒரு கணம் பிடித்து நிறுத்தி, ஆம்பியர் அளவைப் படியுங்கள். பழைய மோட்டார்கள் ஒரு ஆம்பியரைத் தாண்டுவது சாதாரணம். ஒரு ஆம்பியர் டீகோடர் அதற்குப் போதாது.

முதல் முறை மின்சாரம் கொடுப்பது புரோகிராமிங் டிராக்கில், அதாவது டீகோடரைப் படிக்கவும் மாற்றவும் தனியாக வைத்த தண்டவாளத் துண்டில். அங்கே கரண்ட் குறைவாகத்தான் விடுவார்கள், தவறு இருந்தாலும் பெரும்பாலும் டீகோடர் பிழைத்துக்கொள்ளும். டீகோடரின் முகவரியை, அதாவது கட்டளை யாருக்கு என்று காட்டும் எண்ணை, படித்துப் பார்த்தால் புது டீகோடர் 3 என்று சொல்லும். ஒன்றும் சொல்லவில்லையா? மெயின் டிராக்கில் ஏற்றாதீர்கள், திரும்பப் பிரியுங்கள்.

இன்னொன்று. வீட்டில் இருப்பது பரணிலிருந்து இறங்கிய ஒரே ஒரு எஞ்சின் என்றால் அதற்கு டீகோடர் எதற்கு? டிசியிலேயே ஓட்டுங்கள். டிசிசியின் அருமை ஒரே டிராக்கில் இரண்டு மூன்று எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டும்போதுதான் தெரியும்.

காந்தத்தைக் கழற்றுவது

பழைய திறந்த மோட்டார்களில் கழற்றாதீர்கள். இரும்புத் துண்டால் இரு முனையையும் இணைக்காமல் எடுத்தால் அதன் பலம் குறைந்துவிடும்.

மழையில் பெயின்ட்

நமக்கு இரண்டு மழை. ஆனி ஆடிச் சாரல் ஒன்று, ஐப்பசி கார்த்திகை அடைமழை இன்னொன்று. ஈரக்காற்றில் லாக்கர் பெயின்ட் அடித்தால் காயும்போது மேலே பால் போல வெளுத்துவிடும். தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடென்றால் ஆடி மாதம் மொட்டைமாடியில் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். காற்றாலை சுற்றும் ஊரில் பெயின்ட் எஞ்சினில் படியாது, பக்கத்து வீட்டு வேட்டியில் படியும்.

பழைய பெயின்டை எடுக்க தின்னரோ நெயில் பாலிஷ் ரிமூவரோ போட்டால் பெயின்டோடு பாடியும் கரையும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவிட்டு, பழைய டூத்பிரஷால் தேயுங்கள். அதையும் முதலில் பாடியின் உள்பக்கம் ஒரு மூலையில் சோதியுங்கள்.

வெடித்த உலோகத்தை ஒட்டுவது

வார்ப்பு சேஸிஸ் உப்பி, வளைந்து, மெல்லிய வெடிப்புகளோடு உதிர்கிறதா? துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோனதால் வந்த நோய். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும், குளச்சல் கடற்கரை வீட்டில் கேட்கவே வேண்டாம். மருந்து இல்லை. மோட்டாரையும் சக்கரத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டு சேஸிஸை விட்டுவிடுங்கள்.

நம்ம ஊர் எஞ்சினாக மாற்றும்போது

கொஞ்சம் கை பழகியதும் எல்லோருக்கும் டபிள்யூடிஎம்-2 செய்ய ஆசை வரும். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்து, 1964 முதல் வாரணாசியில் கட்டிய டீசல். நாகர்கோவில் ஜங்ஷனில் அதன் உறுமலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இங்கே இரண்டு சறுக்கல். ஒன்று, நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். ஹெச்ஓ அளவான 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19.3 வரும், கடையில் கிடைக்கும் டிராக் 16.5தான். அந்த மூன்று மில்லிமீட்டருக்காக அச்சை அகலப்படுத்தினால் தண்டவாளம், தடம் மாற்றும் பாயின்ட் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டிவரும். விட்டுவிடுங்கள், ஓடும்போது யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவதை விட முடியாது: அதன் போகியில், அதாவது சக்கர அச்சுகளைத் தாங்கும் அடிச்சட்டத்தில், மூன்று அச்சுகளும் சம இடைவெளியில் இருக்காது. சம இடைவெளி போகியை அடியில் வைத்து மேலே எவ்வளவு அழகாக பெயின்ட் அடித்தாலும், ரயில் பார்த்துப் பழகிய கண் முதலில் அங்கேதான் போகும்.

ஜன்னலுக்கு சூப்பர் குளூ

அதன் ஆவியே கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். ஃபெவிகால் போதும்.