குழப்பமான துண்டறிக்கையைச் சரிசெய்த கதை

தேர்தலில் நின்ற ஒருவருடைய துண்டறிக்கையைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. "குடிநீர்க் கட்டமைப்பு மேம்படுத்தப்படும்" என்று ஆரம்பித்தது. யார் செய்வார், எப்போது? ஒன்றுமே இல்லை. "பழுதான குழாய்களை முதல் ஆண்டுக்குள் மாற்றுவேன்" என்று எழுதினேன். அது அந்தப் பதவியின் அதிகாரத்துக்குள் வருகிறதா என்று முன்பே விசாரித்துக்கொண்டேன்.

அப்புறம் வாக்குறுதிகளின் பட்டியல். பக்கம் முழுக்க இருந்தது. "எல்லாமே முக்கியம்தானே" என்றார். 1992 அமெரிக்கத் தேர்தலில் பில் கிளின்டனின் பிரச்சார அலுவலகத்தில் அவருடைய தேர்தல் ஆலோசகர் ஜேம்ஸ் கார்வில் மாட்டிவைத்த அறிவிப்பைச் சொன்னேன்: மாற்றம், பொருளாதாரம், மருத்துவ வசதி. மூன்றே விஷயம். அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

பெரிய சண்டை கடைசிப் பத்தியில்தான். "நான் ஊழல்வாதி அல்ல" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார். குற்றச்சாட்டை நாமே திரும்பச் சொன்னால் 'அல்ல' மறந்துபோகும், 'ஊழல்' மட்டும் மனதில் தங்கும். 1973-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் "நான் மோசடிக்காரன் அல்ல" என்றார். இன்றும் அவரைப் பற்றிப் பேசினால் அந்த வரிதான் முதலில் வருகிறது. அதை எடுத்துவிட்டு, "என் சொத்துக் கணக்கு இதோ, பின்பக்கத்தில்" என்று போட்டோம். கணக்கைக் கொடுக்கத்தான் அவர் கொஞ்சம் தயங்கினார், அது வேறு கதை.

அச்சுக்குப் போகும் முன் அரசியலில் ஆர்வமே இல்லாத ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். "குழாய் மாத்துவாராம், கணக்கு காட்டுறாராம்" என்றார். சரி, அச்சுக்குப் போகலாம் என்றேன்.