24–19 வந்தாலும் செட் முடியவில்லை: வாலிபால் பாயிண்ட் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், பெண்கள் வாலிபால் அரையிறுதி. ரஷ்யாவுக்கு எதிராகப் பிரேசில் 2–1 என்று செட் கணக்கில் முன்னிலை. நான்காவது செட்டில் 24–19. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் இறுதிப்போட்டி. அந்த ஒரு பாயிண்ட் வரவே இல்லை. ரஷ்யா அந்த செட்டை 28–26, அடுத்ததை 16–14 என்று எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"ரேலி பாயிண்ட் வந்ததும் விறுவிறுப்பு போச்சு, முன்னால் போன டீம்தான் ஜெயிக்கும்" என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஆட்டம்தான் ஞாபகம் வரும். ரேலி பாயிண்ட் என்றால், யார் சர்வீஸ் போட்டாலும் அந்தப் பந்தை வெல்லும் அணிக்குப் பாயிண்ட். அவர்கள் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. பழைய விதியில் செட்டுக்கு 15; சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே பாயிண்ட். 5–14 என்று பின்தங்கினாலும், எதிரணியின் சர்வீஸை முறித்துக்கொண்டே இருக்கும்வரை செட் கைவிட்டுப் போகாது. ஆனால் ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் ஐந்தாவது செட்டுக்கு மட்டும் வந்த ரேலி முறையை எல்லா செட்டுக்கும் கொண்டுவர 1998-ல் சர்வதேசக் கூட்டமைப்பு முடிவெடுத்தது. நேரம் ஓரளவு கட்டுக்குள் வந்தது. அதோடு பதற்றமும் குறைந்துவிட்டது என்று நினைப்பதுதான் தவறு. பந்தை வாங்கும் அணிக்குத்தான் முதலில் அடிக்கும் வாய்ப்பு. நல்ல அணிகள் அதில் பாதிக்கு மேல் பாயிண்டாக்கிவிடும். அப்படியிருந்தும் 24–19-ல் ஒன்றைக்கூட எடுக்க முடியாமல் நிற்பதைப் பார்க்கையில் நெஞ்சு அடித்துக்கொள்ளாதா?

எங்கள் பக்கத்து மைதானங்களில் நான் அதிகம் பார்ப்பது சர்வீஸ் தவறு. "மிஸ் பண்ணாதடா, உள்ள போட்டா போதும்" என்று வெளியிலிருந்து கத்துவார்கள். முன்பு சர்வீஸ் வலையில் விழுந்தால் சர்வீஸ் மட்டும்தான் போகும், இப்போது பாயிண்டும் போகிறது. அந்தப் பயம் புரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து சர்வீஸையும் மெதுவாகப் போடுகிறோம், எதிரணி ஏழை நம் கோர்ட்டில் அடித்து முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு மூன்று. இதே பத்தை ஓங்கிப் போட்டு இரண்டு வெளியே போனாலும், எதிரணியின் பாஸ் கெட்டுப்போவதால் மீதி எட்டு நாலுக்கு நாலு என்று பிரிந்தால் நமக்கு நான்கு. மிஸ் பண்ணிய பிறகும் லாபம்! கண்ணை மூடிக்கொண்டு அடி என்று சொல்லவில்லை. எதிரணி டைம் அவுட் முடிந்து வந்ததும் போடும் முதல் சர்வீஸை வெளியே அடித்தால் எனக்கும் கோபம் வரும். ஆனால் பயந்து தட்டிக்கொடுக்கும் சர்வீஸும் ஒரு பாயிண்டைத் தானமாகக் கொடுப்பதுதான், ஸ்கோர்ஷீட்டில் அது நம் தப்பாகத் தெரியாது, அவ்வளவுதான்.

போட்டி நடத்துபவர்களுக்கும் ஒன்று. நேரம் இல்லை என்று எல்லா செட்டையும் 15-க்குச் சுருக்குகிறார்கள். இந்தியாவில் பிரைம் வாலிபால் லீக்கே 15 பாயிண்ட் செட்டில் தொடங்கியதுதான்; பார்க்க வேகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒருவன் தொடர்ந்து நாலு நல்ல சர்வீஸ் போட்டாலே செட் ஏறக்குறைய முடிந்தது. ஆட்டம் குறுகக் குறுக, திறமையான அணி தன் பலத்தைக் காட்ட இடமும் குறைகிறது. நேரம்தான் பிரச்சினை என்றால் 25-ஐ அப்படியே வைத்து, மூன்று செட் ஆட்டமாக்குங்கள்.

அப்புறம், 12–20 என்றானதும் செட்டை விட்டுவிடும் பழக்கம். செட் தோற்றால் 12-ம் ஒன்று, 23-ம் ஒன்று என்ற நினைப்பு. லீக் போட்டியில் வெற்றியும் செட் விகிதமும் சமமாகிவிட்டால் பாயிண்ட் விகிதத்தைத்தான் பார்ப்பார்கள். அன்று விட்ட பாயிண்டெல்லாம் அங்கே வந்து நிற்கும். 2012 லண்டன் ஒலிம்பிக் ஆண்கள் இறுதிப்போட்டியில் ரஷ்யா முதல் இரண்டு செட்டையும் 19–25, 20–25 என்று பிரேசிலிடம் இழந்தது. மூன்றாவதில் மேட்ச் பாயிண்டிலிருந்து தப்பி 29–27. நடு பிளாக்கராக இருந்த முசெர்ஸ்கியை எதிர்முனை அடிப்பவராக மாற்றியதும் ஆட்டமே திரும்பியது. அடுத்து 25–22, 15–9, தங்கம். ஐந்து செட்டையும் கூட்டினால் இரண்டு அணிக்கும் சரியாக 108.