முதல் குடிமீட்புக் கூட்டத்துக்குப் போவது எப்படி?

குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் இடம்தான் குடிமீட்புக் கூட்டம். என் முதல் கூட்டத்தன்று வாசல் வரை போய்விட்டு, உள்ளே நுழையாமல் தெருவை இரண்டு முறை சுற்றி வந்தேன். பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்வார்கள், எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள் என்று பயம். உள்ளே போனால் ஒருவர் நாற்காலியைக் காட்டினார். அவ்வளவுதான். அந்த நாற்காலியில் நீங்களும் போய் உட்காரும்வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் மருத்துவர்

தினமும் நிறையக் குடிப்பவர் என்றால், உற்சாகத்தில் இன்றே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். மதுவுக்குப் பழகிய உடம்பு கை நடுக்கத்தோடும் வியர்வையோடும் விட்டுவிடாது. நிறுத்திய முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பம் வந்து, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். எப்படி நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள், கூட்டத்துக்கும் போங்கள். பின்னால் அங்கே யாராவது "மாத்திரையெல்லாம் எதற்கு?" என்று சொன்னால், அந்தப் பேச்சை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எந்தக் குழு?

பலருக்கும் தெரிந்த பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியில் மூழ்கிக் கிடந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் பிறந்தது. யார் புத்தி சொன்னாலும் கேட்காத குடிநோயாளி, இன்னொரு குடிநோயாளி தன் கதையைச் சொன்னால் கேட்பார். அமைப்பு முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது.

பலனிருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை வைத்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் ஓர் அலசல் வெளியிட்டது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏ.ஏ. வழியும் ஏ.ஏ.வில் சேர்ந்து பங்கெடுக்க வழிகாட்டும் சிகிச்சையும் வேறு சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்ததாக அதில் சொல்லியிருக்கிறார்கள்.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த வழிமுறையான 12 படிகளில் கடவுள் என்ற சொல் வரும். "நாங்கள் புரிந்துகொண்டபடி" என்ற வாசகமும் கூடவே இருப்பதால் நம்பிக்கை இல்லாதவர்களும் வருகிறார்கள். அப்படியும் ஒட்டவில்லையா? 1994 முதல் இயங்கும் ஸ்மார்ட் ரெக்கவரியில் ஆன்மிகம் கிடையாது; எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிகள் உண்டு. பெண்களுக்கென்றே விமன் ஃபார் சோப்ரைட்டி 1975-இல் தொடங்கப்பட்டது. குடிப்பவர் நீங்கள் அல்ல, வீட்டில் ஒருவர் என்றால் உங்களுக்கானது அல்-அனான்.

தேடுவது

அமைப்பின் சொந்த இணையதளத்தில் தேடுங்கள். ஏ.ஏ.வுக்கு மீட்டிங் கைடு என்ற இலவச செயலியும் உண்டு. பட்டியலில் இருக்கும் நேரமும் இடமும் சில சமயம் பழையதாக இருக்கும். கிளம்பும் முன் போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பட்டியலில் "திறந்த கூட்டம்", "மூடிய கூட்டம்" என்று பிரித்திருப்பார்கள். திறந்ததற்கு யாரும் போகலாம், துணைக்கு ஆள் கூட்டிப் போகலாம். மூடியது குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு, அல்லது இருக்குமோ என்று சந்தேகப்படுபவர்களுக்கு மட்டும். முதல் தடவைக்குத் திறந்த கூட்டமே நல்லது என்பேன். வெளியே கிளம்பவே கூச்சமாக இருந்தால், கேமராவை அணைத்துவிட்டு இணையவழிக் கூட்டம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கும்?

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு நுழைவதுதான் அதிகக் கூச்சம். பொதுவாக ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை. நடத்துபவர் ஏதாவது வாசிப்பார், பிறகு ஒவ்வொருவராகப் பகிர்வார்கள். பெயர் மட்டும் சொன்னால் போதும். ஊர், வேலை எதுவும் வேண்டாம். உங்கள் முறை வந்தால் "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லிவிடலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஒருவர் பேசும்போது இடையில் புகுந்து ஆலோசனை சொல்வது வழக்கமில்லை. விருப்பமுள்ளவர்கள் பணம் போடும் காணிக்கைக் கூடை சுற்றி வந்தால், புதியவர் அப்படியே அடுத்தவரிடம் தள்ளிவிடலாம்.

இங்கே பேசுவது வெளியே போகாது என்பார்கள். அது பரஸ்பர நம்பிக்கை, சட்டப் பாதுகாப்பு அல்ல. வழக்கில் சிக்க வைக்கக்கூடிய விஷயம் ஏதாவது இருந்தால் அதை வழக்கறிஞரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு

உடனே ஓடிவிடாதீர்கள். எழுந்த பிறகு நடக்கும் பத்து நிமிடப் பேச்சில்தான் தொலைபேசி எண்கள் கைமாறும். குடிக்கத் தோன்றும் இரவில் அந்த எண்தான் உதவும். பிறகு வழிகாட்டி ஒருவரை, அவர்கள் மொழியில் ஸ்பான்சரை, தேர்ந்துகொள்ளலாம். அவசரமில்லை, போன் எடுப்பவரா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. புதியவர்களை மயக்கப் பார்க்கும் பழைய ஆட்கள் அபூர்வமாக உண்டு, இதற்கு ஏ.ஏ.காரர்களே "பதின்மூன்றாம் படி" என்று கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி யாராவது நெருங்கினாலோ, பணம் கேட்டாலோ, தயங்காமல் வேறு குழுவுக்கு மாறுங்கள். அதற்காக ஒரே ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்று மொத்தத்தையும் கைகழுவ வேண்டாம். குழுவுக்குக் குழு வாசனையே வேறு. ஐந்தாறு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நடுவில் சறுக்கினாலும் திரும்பப் போகலாம். எனக்கு நான்காம் மாதம் சறுக்கியது. மூன்று வாரம் ஒளிந்திருந்துவிட்டுப் போனேன். எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்காலிகளை அடுக்கக் கொஞ்சம் கை கொடுக்கிறாயா என்றார்கள்.