சிங்கப்பூரில் பிடிபட்ட தாத்தாவின் ஆவணம் தேடி ஊருக்கு வருகிறீர்களா?

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 40,000 பேர். அவர்களில் மதராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) போன்ற பிரிவுகளில் இருந்த தமிழர்களும் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் விமான டிக்கெட் போடுமுன் கையில் வைத்திருக்க வேண்டியது படை எண், அதாவது சிப்பாய்க்கு ராணுவம் கொடுத்த எண். அது இல்லாமல் சிப்பாய்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் எந்த ரெக்கார்ட் ஆபீஸிலும் காரியம் நகராது. பெயரை மட்டும் சொன்னால் எந்த முத்துசாமி என்றுதான் கேட்பார்கள்.

தாத்தா உயிரோடு திரும்பியவர் என்றால் முதலில் படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள். எண், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா எல்லாம் அதில் இருக்கும். பழைய காகிதத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தால் போதும். புத்தகம் கிடைக்காவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுத்தது. பாட்டி அதை வாங்கியிருந்தால் அந்தக் கோப்பிலேயே எண் இருக்க வாய்ப்புண்டு.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். கூடுதல் விவரப் பகுதியில் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள், ஆனால் அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில்: தஞ்சாவூர் 'டாஞ்சூர்' (Tanjore), திருச்சி 'டிரிச்சினாப்பொலி' (Trichinopoly), ராமநாதபுரம் 'ராம்நாட்' (Ramnad). கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் சேலம் என்று தேட வேண்டும். மலாயாவில் பிடிபட்ட பலரை ஜப்பானியர் கூலி வேலை செய்ய நியூகினிப் பக்கம் கொண்டுபோனார்கள். அதனால் சிங்கப்பூர் கிராஞ்சி போர்க் கல்லறையில் பெயர் இல்லையென்றால் ரபாவுல் அருகே உள்ள பீட்டா பாக்கா கல்லறையையும் பாருங்கள்.

எண் கிடைத்ததும் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு மதராஸ் இன்ஜினியர் குரூப்பின் ரெக்கார்ட் ஆபீஸுக்கும், மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஊருக்கு வந்த பிறகு எழுதினால் லீவு முடிவதற்குள் பதில் வராது. தகவல் உரிமைச் சட்டப்படியும் கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்தான், ஆனால் இந்தியக் குடிமக்கள் மட்டுமே போட முடியும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரின் ஓசிஐ அட்டை செல்லாது. ஊரில் இருக்கும் சித்தப்பாவோ மாமாவோ தன் பெயரில் போடட்டும், உறவைக் காட்டும் வாரிசுச் சான்று நகலோடு.

சிங்கப்பூரில் பிடிபட்டவர் எல்லாருமே நேதாஜி படையில் (இந்திய தேசிய ராணுவம், ஐஎன்ஏ) இருந்தவர் என்று குடும்பங்களில் சொல்வதுண்டு. அது சரியல்ல, பல்லாயிரம் பேர் சேரவில்லை. சேர்ந்தவர்களைப் போருக்குப் பின் பிரிட்டிஷார் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்றாகப் பிரித்தார்கள். கறுப்பில் விழுந்தவருக்கு வேலையும் போனது, நிலுவைச் சம்பளமும் போனது. வீட்டில் பென்ஷன் காகிதமே இல்லாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அப்படியானால் கலெக்டர் அலுவலகத்தில் தியாகி பென்ஷன் கோப்பைக் கேளுங்கள். ஐஎன்ஏ கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்து பட்டியலைப் பார்த்து, கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு நேரில் போங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் தூதரகத்தின் அறிமுகக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.