முத்திரைத் தேதியைப் புதுப்பிக்கும் எல்லைப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு எல்லை தாண்டுவது பெரிய சங்கதியன்று. காலையில் வேலந்தாவளம் சோதனைச்சாவடியைக் கடந்து கோயம்புத்தூரில் வேலையை முடித்து, திரும்பும்போது பொள்ளாச்சியைச் சுற்றிக் கோபாலபுரம் வழியாக மாட்டுத்தீவன மூட்டையோடு வீடு வந்து சேர்கிறோம். எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள்தாம் இப்போது மடிக்கணினி வேலையோடு தாய்லாந்தில் போய்த் தங்குகிறார்கள். அங்கே செய்யும் தவறுகளில் பாதி, எல்லையை வேலந்தாவளம்போல நினைப்பதால் வருகிறது என்பது, நானும் அப்படித் தங்கியவன் என்ற முறையில், என் கணிப்பு.

இப்படித் தங்குபவர்களுக்காக 2024 ஜூலையில் தாய்லாந்து கொண்டுவந்த டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) 5 ஆண்டுகளுக்குச் செல்லும், பலமுறை நுழையலாம், கட்டணம் 10,000 பாத், 5 லட்சம் பாத் கையிருப்பைக் காட்ட வேண்டும். ஆனால் ஒருமுறை நுழைந்தால் 180 நாள் மட்டுமே தங்கலாம். அதற்குள் நாட்டைவிட்டு வெளியேறி மீண்டும் நுழைந்தால் அடுத்த 180 நாள் கிடைக்கும். இதைத்தான் ‘விசா ரன்’ என்றும் ‘பார்டர் ரன்’ என்றும் சொல்கிறார்கள்.

முதல் தவறு, விசாவின் ஆயுளையும் தங்கும் காலத்தையும் ஒன்றாக எண்ணுவது. என் அக்கா மகனிடம் ஐந்தாம் மாதத்தில் பயண ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, “ஏனுங்க மாமா, விசாதான் அஞ்சு வருசத்துக்கு இருக்குதே, இப்பவே எதுக்குங்க போகோணும்?” என்றான். விசாப் பக்கத்தை மூடிவிட்டு நுழைவு முத்திரை உள்ள பக்கத்தைப் பிரிக்கச் சொன்னேன். ‘அன்டில்’ என்ற சொல்லை அடுத்து இருக்கும் தேதிதான் நமக்குரிய கெடு. அதைப் பார்த்த பிறகு அன்றிரவே அவன் டிக்கெட் தேடத் தொடங்கினான்.

180 நாளை ‘ஆறு மாதம்’ என்று மொழிபெயர்த்துக்கொள்வது இதோடு ஒட்டிய தவறு. நுழைந்த நாளே முதல் நாளாகக் கணக்கில் சேரும். 2026 ஜனவரி 1 அன்று நுழைந்தவருக்கு 180ஆவது நாள் ஜூன் 29. ஜூன் 30 வரை இருக்கலாம் என்று நம்பி ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால், நாளொன்றுக்கு 500 பாத் வீதம், அதிக அளவாக 20,000 பாத் வரை அபராதம் உண்டு. பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. 90 நாளுக்கு மேல் மிகைத்துத் தங்கியவர் தாமாகவே முன்வந்து வெளியேறினாலும் ஓராண்டு உள்ளே வர முடியாது.

கெடு முடியும் நாளிலேயே பயணம் வைத்துக்கொள்பவர்கள் சிக்கனம் செய்வதாக நினைக்கிறார்கள். ரயில் தாமதமாகலாம், காய்ச்சல் வரலாம், எல்லையே மூடப்படலாம். பாங்காக்கிலிருந்து விடியற்காலை வேனில் ஏறிக் கம்போடிய எல்லைக்குப் போய் அன்றே திரும்புவது நெடுநாள் மலிவு வழியாக இருந்தது. 2025 ஜூனில் இரு நாடுகளுக்கும் இடையே பூசல் முற்றியபோது அந்த நில வாயில்கள் அடைக்கப்பட்டன. ஒரே வாயிலை நம்பியிருந்தவர்கள் கடைசி வாரத்தில் எந்த விலைக்கும் விமான டிக்கெட் வாங்க வேண்டியதாயிற்று. பத்து நாளாவது முன்னதாகக் கிளம்புவதே நல்லது. புதிய 180 நாள் திரும்பி நுழையும் அன்றிலிருந்துதான் எண்ணப்படும் என்பதால், இழப்பது அந்தப் பத்து நாள் மட்டுமே.

எந்த எல்லைக்குப் போவது என்பதில் மற்ற நாட்டவரின் வழிகளை அப்படியே பின்பற்றக் கூடாது. நம் கையிலிருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. லாவோஸ் போவதானால் நொங்காய் நட்புப் பாலத்தில் விசாக் கட்டணம் கட்ட வேண்டும், அந்த விசா ஒரு முழுப் பக்கத்தையும் தின்றுவிடும். மலேசியாவோ 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் தங்க அனுமதிக்கிறது. அந்தச் சலுகை 2026 முடிய நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நம்மவர்க்குச் செலவும் அலைச்சலும் குறைந்தது தெற்கு வழிதான் என்பேன். தென் தாய்லாந்தின் ஹாட்யாயிலிருந்து மலேசிய எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை ஏறத்தாழ 50 பாத் கட்டணத்தில் ஒரு மணி நேர ரயில் இருக்கிறது. பாடாங் பெசார் நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவுச் சாளரங்களும் ஒரே கட்டடத்தில் இருப்பதால், பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டியதில்லை. அங்கிருந்து கொம்யூட்டர் ரயிலில் பட்டர்வொர்த், பிறகு படகில் பினாங்கின் ஜார்ஜ் டவுன். இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியாவில் கடைப் பலகைகளைத் தமிழிலேயே படிக்கலாம். 1833ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். இரண்டு இரவு தங்கினால் பயணம் பயணமாகவே இருக்கும். ஒரு முத்திரைக்காக மறுபக்கம் போய் அதே மணி நேரத்தில் திரும்பி வந்து நிற்பவரிடம் அதிகாரி கேள்வி கேட்பது இயல்புதானே.

இந்த வழியில் பலர் தவறவிடுவது கடிகாரத்தை. மலேசிய நேரம் தாய்லாந்து நேரத்துக்கு ஒரு மணி முந்தியது. பாடாங் பெசாருக்கும் ஹாட்யாய்க்கும் இடையே ஓடும் இந்த ரயில் நாளுக்கு இரண்டு தடவைதான். அட்டவணையிலுள்ள நேரம் எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் வந்தால் காலி நடைமேடைதான் மிஞ்சும்.

இனி, எனக்கே நேர்ந்தது. ஒரு நில எல்லை வாயிலில் திரும்பி நுழைந்தபோது, பின்னால் நீண்ட வரிசை நின்றதால் கடவுச்சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தேன். நாலடி தள்ளி, மின்விசிறிக்குக் கீழே பையைக் கீழிறக்கி, முத்திரையைப் பார்த்து விரல்விட்டு எண்ணினால், 60 நாள்தான் வந்தது. அப்போது விசா இல்லாமல் வரும் இந்தியருக்குக் கொடுத்துவந்த காலம் அது. விசாப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமலே குத்திவிட்டார்கள். அங்கேயே திரும்பிப் போய்ப் பக்கத்தைக் காட்டியதால் அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள். விடுதிக்குப் போன பிறகு கவனித்திருந்தால், எத்தனை அலுவலகப் படிகள் ஏறியிருப்பேனோ! அன்றுமுதல் விசா உள்ள பக்கத்தைத் திறந்தபடியே நீட்டுகிறேன்; தேதியைப் படிக்காமல் சாளரத்தை விட்டு அசைவதில்லை.

இணையவழி வருகைப் படிவத்தை மறப்பதும் உண்டு. தாய்லாந்துக்கான டிடிஏசி 2025 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, மலேசியாவுக்கு எம்டிஏசி. இரண்டையும் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், இரண்டுமே இலவசம். அரசுத் தளம்போலத் தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், எச்சரிக்கை. போகும்போது மலேசியாவுக்கு நிரப்பியவர்கள், திரும்பும்போது தாய்லாந்துக்குப் புதிதாக ஒன்று வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கடவுச்சீட்டின் தாள் தீர்ந்துபோவதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. ஒரு பயணத்தில் வெளியேற்றமும் நுழைவுமாக நான்கு முத்திரை விழலாம். அடுத்தமுறை புதுப்பிக்கும்போது 36 பக்கத்துக்குப் பதில் 60 பக்கப் புத்தகத்துக்கு விண்ணப்பியுங்கள். செல்லுபடிக் காலமும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

வேறு வகை விசாவில் இருந்துகொண்டு, அங்குள்ள குடிநுழைவு அலுவலகத்தில் தங்கும் காலத்தை நீட்டித்துக்கொண்டவர்கள் டிடிவிக்காரரைப் பார்த்து எல்லைக்குக் கிளம்பிவிடக் கூடாது. மறுநுழைவு அனுமதி இல்லாமல் வெளியேறினால் வாங்கிய நீட்டிப்பு அன்றோடு போயிற்று. ஒருமுறைக்கு 1,000 பாத், பலமுறைக்கு 3,800 பாத். வெளியேறும் முன்பே வாங்கிவிட வேண்டும்.

நம்மவர்க்கு எளிதாகத் தோன்றும் இன்னொரு வழி, கொச்சி விமானத்தில் வீட்டுக்கே வந்துபோவது. சட்டப்படி அதுவும் எல்லைப் பயணமே. பண்டிகைக் கணக்குதான் காலை வாரும். எங்கள் பக்கத்து நெம்மாறை வேலா திருவிழா ஏப்ரல் தொடக்கத்தில், கல்பாத்தித் தேர் நவம்பர் நடுவில். தேர் பார்த்துவிட்டுப் போய் வேலாவுக்குத் திரும்புவதில் சிக்கல் இல்லை. ஐந்து மாதம்கூட ஆகாது. ஆனால் வேலா முடிந்து ஏப்ரல் 5 அன்று தாய்லாந்தில் நுழைந்தவருக்கு 180ஆவது நாள் அக்டோபர் 1 அன்றே முடிகிறது. தேருக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கும். இடையில் ஓணத்துக்கு வரலாம் என்றால் டிக்கெட் விலை அந்த வாரத்தில் எப்படி ஏறும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அக்கா மகன் இப்போது ஓணத்துக்கு வருவதில்லை. செப்டம்பரில் பினாங்கு போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறான். அக்காவுக்கு அதில் மனத்தாங்கல்தான்.